மனப்புண் ஆற்றிய மாயூரத்து முன்சீப்

காலில் முள் தைத்தால் கண்ணில் நீர் வருகிறது. பார்த்தவர்கள் ஓடி வந்து முள்ளை எடுத்து விடுகிறார்கள். காய்ச்சல் கண்டால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கத் தாய் இருக்கிறாள். மருந்து தர மருத்துவர் இருக்கிறார். ஆனால் உள்ளத்தில் முள் தைத்தால் அதைக் காண்பவர் யார்? எடுத்து எறிபவர் யார்? நம்மில் பலர் அந்த முள்ளோடுதான் பள்ளிக்கு வருகிறோம். அந்த முள்ளோடுதான் வீடு திரும்புகிறோம். தேர்வைப் பற்றிய அச்சம், வீட்டின் வறுமை, தந்தை தொலைதூரத்தில் உழைக்கும் ஏக்கம், தோழியின் ஒரு சுடுசொல் என்று முள்ளுக்குப் பல பெயர்கள் உண்டு.

இந்த முள்ளைப் பற்றி நினைக்கும்போது, நம் திருச்சிராப்பள்ளிச் சீமை ஈன்ற ஒரு பெருமகனாரின் நினைவு நமக்கு வருகிறது. அவர் மருத்துவர் அல்லர். நீதிமன்றத்தில் அமர்ந்து வழக்குத் தீர்த்தவர். ஆயினும் மனப்புண்ணுக்கு இரண்டு நல்ல மருந்துகளை அவர் அறிந்திருந்தார். ஒன்று பாட்டு, மற்றொன்று கதை. அவரே மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை.

ஆண்டுதோறும் அக்டோபர் 10 உலக மனநல நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதற்கு மறுநாளாகிய அக்டோபர் 11, பன்னாட்டுப் பெண் குழந்தைகள் நாள். வேதநாயகர் பிறந்த நாளும் அந்த அக்டோபர் 11 தான்! பெண்கள் கல்வி கற்க வேண்டும், மனிதர் மனம் மகிழ வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் எழுதியவருக்கு இதைவிடப் பொருத்தமான பிறந்த நாள் வேண்டுமா?

குளத்தூரில் பிறந்த குழந்தை

1826-ஆம் ஆண்டு, திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாக வேதநாயகம் பிறந்தார். கத்தோலிக்க வேளாளர் குடும்பம். தொடக்கக் கல்வியைத் தந்தையிடமே பயின்றார். பின்னர் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகப் பிள்ளையிடம் ஆங்கிலமும் தமிழும் கற்றார். இளமையிலேயே வேடிக்கையாகக் கவி கட்டும் ஆற்றல் அவருக்கு வாய்த்திருந்தது. கேட்டவர் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். சிரிக்க வைக்கத் தெரிந்தவனுக்குப் பிறர் அழுகையும் புரியும் என்பதற்கு அவர் வாழ்வு ஒரு சான்று.

கற்ற கல்வி வீண் போகவில்லை. திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்திலேயே ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் பதவி அவரை வந்து அடைந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் அப்பதவியை எட்டிய முதல் தமிழர்களுள் அவரும் ஒருவர். பின்னர் சீர்காழியிலும், அதற்குப்பின் 13 ஆண்டுகள் மாயூரத்திலும் முன்சீபாக இருந்தார். அவ்வூரின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அன்றைய மாயூரமே இன்றைய மயிலாடுதுறை.

நீதிமன்றம் என்பது என்ன? ஊரின் கண்ணீரெல்லாம் வந்து சேரும் இடம் அன்றோ? பாகப் பிரிவினையில் பகையான அண்ணன் தம்பி, கடனில் மூழ்கிய உழவன், கைவிடப்பட்ட பெண் என்று நாள்தோறும் துயரம் படியேறி வந்தது. சட்டம் தெரியாத ஏழை, தன் வழக்கில் என்ன பேசுகிறார்கள் என்பதே புரியாமல் விழித்து நின்றான். இதைக் கண்ட வேதநாயகர், 1805 முதல் 1861 வரை உயர்நீதிமன்றங்கள் அளித்த தீர்ப்புகளைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்ற நூலாக வெளியிட்டார். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழே வழங்க வேண்டும் என்றும் வாதிட்டார். புரியாத மொழி அச்சத்தை வளர்க்கும். புரிந்த மொழி அச்சத்தைப் போக்கும். அவருடைய பாட்டுக்கும் கதைக்கும் வேர் இந்தக் கருத்தில்தான் இருக்கிறது.

பாட்டு என்னும் மருந்து

அக்காலத்தில் கச்சேரி மேடைகளில் தெலுங்குக் கீர்த்தனைகளே மிகுதியாக ஒலித்தன. இசை இனித்தது, ஆனால் பொருள் பலருக்கும் விளங்கவில்லை. வேதநாயகர் எளிய தமிழில் கீர்த்தனைகள் இயற்றத் தொடங்கினார். அவை 1878-இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் என்ற பெயரில் நூலாயின. பெயரைப் பாருங்கள்! எல்லாச் சமயத்தாரும் தத்தம் மனம் நோகாமல் சேர்ந்து பாடத்தக்க பாடல்கள் அவை. தாம் கத்தோலிக்கராக உறுதியோடு வாழ்ந்தும், அடுத்தவர் வழிபாட்டை அவர் தாழ்த்தவில்லை. தேவமாதாவைப் போற்றி அந்தாதி பாடிய அதே கைதான் இந்தச் சமரசக் கீர்த்தனைகளையும் எழுதியது.

அந்நூலில் இறைவனை வேண்டும் பாடல்கள் மட்டும் இல்லை. நல்லொழுக்கம் பற்றிய பாடல்கள் உண்டு. குடும்பத்துக்குள் வரும் மனத்தாங்கல்கள் பற்றிய பாடல்கள் உண்டு. உத்தியோகத்தில் படும் அல்லல், கைக்கூலியின் கொடுமை ஆகியவையும் அங்கே பாட்டாயின. அன்றாடத் துன்பத்தைப் பாடலாம் என்று காட்டியது அவர் செய்த பெரிய உபகாரம். தனியே நெஞ்சுக்குள் புழுங்கியவன், தன் துன்பம் ஒரு பாட்டாக ஊரெங்கும் ஒலிப்பதைக் கேட்டபோது, இது எனக்கு மட்டும் வந்ததன்று என்று உணர்ந்திருப்பான். ஆறுதலின் முதல் படி அந்த உணர்வே.

அவருடைய சொந்த வாழ்வும் மலர்ப் படுக்கையாக இருக்கவில்லை. மனைவியை இழக்கும் துயரம் அவருக்கு ஒருமுறையோடு நிற்கவில்லை. வீட்டில் இருள் சூழ்ந்தபோதும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை, பாடுவதை நிறுத்தவில்லை. துன்பமே காணாதவர் சொல்லும் ஆறுதல் காற்றோடு போகும். துன்பத்தைக் கடந்தவர் சொல்லும் ஆறுதல் நெஞ்சில் நிற்கும்.

பஞ்சத்தில் பாடிய நெஞ்சம்

1876-இல் தொடங்கி 1878 வரை தென்னாட்டை ஒரு கொடிய பஞ்சம் வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் பெயர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வானம் பொய்த்தது, வயல் வெடித்தது, பல இலட்சம் மக்கள் மடிந்தனர். பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய்க் கஞ்சி தர இயலாத தாய்மார் சாலையோரங்களில் வீழ்ந்து கிடந்தனர்.

வேதநாயகர் என்ன செய்தார்? முதலில் கஞ்சித் தொட்டி திறந்தார். தம் பொருளை வாரி இறைத்து, பசித்தவர்க்கு உணவிட்டார். பிறகு பஞ்சத்தின் கொடுமையை இறைவனிடம் முறையிட்டுக் கீர்த்தனைகள் பாடினார். இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். பசித்தவனிடம் வெறும் பாட்டை நீட்டவில்லை அவர். சோறிட்ட கையோடுதான் பாடினார். பாட்டு சோற்றுக்கு மாற்றன்று. ஆனால் சோறு உண்ட பிறகும் நெஞ்சில் எஞ்சி நிற்கும் துயரத்துக்குப் பாட்டு வேண்டும்.

அவருடைய கொடையைக் கண்டு உருகிய நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனையே பாடினார். சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ, அவர்மேல் குளத்துக் கோவை என்னும் நூலே இயற்றினார். மகாவித்துவானும் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தவரே. இருவருக்கும் இடையே நிலவிய நட்பு, சமயம் என்னும் வேலி தாண்டிய நட்பு. நல்ல நட்பும் மனத்துக்கு ஒரு மருந்தென்பதை நாம் இங்கே மறக்கலாகாது.

கதை என்னும் மருந்து

1859-இல் நீதிநூல் என்னும் செய்யுள் நூலை வெளியிட்டவர் வேதநாயகர். பெண்மதி மாலை, பெண் கல்வி ஆகியவற்றை எழுதி, பெண்ணுக்குக் கல்வி மறுக்கப்படுவதைக் கண்டித்தவரும் அவரே. ஆயினும் அறிவுரை மட்டும் போதாது என்று அவர் கண்டுகொண்டார். இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளைகளின் காது மூடிக்கொள்ளும். கதை சொன்னாலோ காதும் திறக்கும், மனமும் திறக்கும்.

1879-இல் அவருடைய பிரதாப முதலியார் சரித்திரம் அச்சில் வந்தது. தமிழின் முதல் நாவல் என்ற பெருமை அதற்கு உண்டு. செய்யுளே இலக்கியம் என்று எண்ணப்பட்ட காலத்தில், பேசுவது போன்ற உரைநடையில், சிரிப்பும் சிந்தனையுமாக ஒரு நெடுங்கதை! கதைக்குள் கதை, அதற்குள் ஒரு கதை என்று திண்ணையில் அமர்ந்து பாட்டி சொல்வது போலவே அது நடக்கிறது.

அதில் நம் போன்ற மாணவர் மறக்க முடியாத ஒரு பகுதி உண்டு. பிரதாபன் செல்லப் பிள்ளை. பாட்டியின் செல்லத்தால் அவனை உபாத்தியாயர் அடிக்கக் கூடாது. ஆகவே அவன் பாடத்தில் தவறினால், கூடப் படிக்கும் கனகசபை அடிபட வேண்டும்! தவறு ஒருவனுடையது, தழும்பு இன்னொருவனுடையது. படிக்கும்போது நாம் முதலில் சிரிக்கிறோம். அடுத்த கணம் நம் சிரிப்பு நின்று விடுகிறது. ஏன்? நம் வகுப்பிலும் ஒரு கனகசபை இருக்கலாம். வீட்டிலிருக்கும் கோபத்துக்கு அடி வாங்கும் பெண், குடும்பத்தின் வறுமைக்குத் தானே காரணம் என்று நினைத்துக் குமையும் பெண், அக்காளோடு ஒப்பிடப்பட்டே வாடும் தங்கை ஆகிய எல்லாரும் பிறர் செய்த தவறுக்குத் தாம் அடி வாங்குபவர்களே. நேரே கேட்டால் அந்தப் பெண் வாய் திறக்க மாட்டாள். கனகசபையின் கதையைச் சொன்னால், பாவம் அவன் என்று சொல்வாள். அந்தப் பாவம் என்ற ஒரு சொல்லில் அவளுடைய சொந்தத் துயரமும் சற்றே வெளியே வந்துவிடும். கதை செய்யும் மருத்துவம் இதுதான். என் துன்பம் என்று சொல்ல நாணுகிறவர்களும், கதையில் வரும் ஒருவரின் துன்பம் என்றால் தாராளமாகப் பேசுவார்கள்.

ஞானாம்பாளை எப்படிச் சொல்லாமல் விடுவது? பிரதாபனைவிட அறிவில் சிறந்தவள் அவள். துன்பம் வந்தபோது அழுதுகொண்டே அமர்ந்து விடவில்லை. ஆண் வேடம் பூண்டு புறப்பட்டாள். விக்கிரமபுரியில் யானை மாலையிட, அந்நாட்டுக்கே அரசரானாள். நீதி வழுவாமல் ஆண்டாள். பெண்கள் பள்ளிக்குப் போவதே அரிதாயிருந்த காலத்தில் இப்படி ஒரு கதாநாயகியைப் படைத்தார் வேதநாயகர். நம்மால் என்ன ஆகும் என்று சோர்ந்திருந்த எத்தனையோ பெண்களின் மனத்தில், நம்மாலும் ஆகும் என்ற எண்ணத்தை அவள் விதைத்திருப்பாள். 1887-இல் சுகுணசுந்தரி என்ற இரண்டாவது நாவலும் வந்தது. அதிலும் பெயர் பெற்று நிற்பவள் ஒரு பெண்ணே.

பணி ஓய்வுக்குப் பின்னும் அவர் ஓயவில்லை. மாயூரம் நகராட்சித் தலைவராகவும் தொண்டாற்றினார். 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். சத்திய வேதக் கீர்த்தனைகள் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். இறுதி வரை பாட்டு அவரைவிட்டு நீங்கவில்லை.

நமக்கு அவர் விட்டுச் சென்றது

மாமனிதர் வரலாற்றைப் படித்து, கைதட்டி, ஏட்டை மூடி வைத்தால் என்ன பயன்? அவர் கண்ட வழியை நாம் நடந்து பார்க்க வேண்டும்.

10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் உலகில் ஏழு பேருக்கு ஒருவர் மனநலக் குறைவால் துன்புறுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாற்பது பேர் அமரும் ஒரு வகுப்பறையை நினைத்துப் பார்ப்போம். கணக்கு நமக்கே விளங்கும். அதே நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு, கலைகளுக்கும் உடல் உள்ள நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய 3000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இசையும் கதையும் நலத்துக்குத் துணை நிற்கின்றன என்பது அதன் சாரம். மாயூரத்து முன்சீப் அனுபவத்தால் அறிந்ததை அறிஞர் உலகம் ஆராய்ந்து ஒப்புக்கொண்டிருக்கிறது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பாடும்போது மூச்சை மெல்ல மெல்ல நீளமாக விடுகிறோம். படபடக்கும் நெஞ்சு அதனால் அமைதியடைகிறது. பலர் சேர்ந்து ஒரே தாளத்தில் பாடும்போது, தனிமை என்ற எண்ணம் தானே விலகுகிறது. நாற்று நடும் பெண்கள் பாடியதும், கும்மி கொட்டியதும், குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிய தாய் தன் மனக்குறையையும் அதிலேயே பாடித் தீர்த்ததும் இதனால்தான். கொல்லிமலை அடிவாரத்தில் வாழும் நமக்கு, நம் உப்பிலியபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் வயலிலும் திண்ணையிலும் இம்மருந்து வழிவழியாக இருந்து வந்திருக்கிறது. பாட்டியிடம் கேட்டால் பாட்டும் கிடைக்கும், கதையும் கிடைக்கும். நாம்தான் கேட்பதில்லை!

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021-இல் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டாலும் கதையாலும் விளையாட்டாலும் பாடம் தொடங்கினார்கள். வீட்டுக்குள் முடங்கி வாய் மூடிப் போயிருந்த குழந்தைகளை மீண்டும் பேச வைக்கப் பாட்டும் கதையும் வேண்டியிருந்தன அன்றோ?

நம் பள்ளியிலும் இதைச் செய்யலாம். வாரத்தில் ஒரு பாடவேளை போதும். வட்டமாக அமர்வோம். ஒருத்தி ஒரு கதை சொல்லட்டும். அது அவள் கதையா, அயலார் கதையா என்று கேட்க வேண்டாம். அழுதால் ஏளனம் வேண்டாம். கேட்டதை வெளியே பரப்பவும் வேண்டாம். இறுதியில் எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடிக் கலைவோம். குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போட்டியும் பரிசும் இல்லாத ஒரு பாட்டு நம் பள்ளி நாளில் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். எல்லா நோய்க்கும் கஷாயம் மருந்தாகாது. எல்லா மனத்துயரும் பாட்டாலும் கதையாலும் தீராது. உடன் படிக்கும் ஒருத்தி வாரக்கணக்கில் சரியாக உண்ணாமல், உறங்காமல், ஒதுங்கியே இருந்தால் அதை நாம் கவனிக்க வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு அவள் வாயில் வந்தால், அதை இரகசியமாக வைத்துக் காப்பது நட்பு ஆகாது. உடனே ஆசிரியையிடமோ பெற்றோரிடமோ சொல்வதே உண்மையான நட்பு. 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம். பஞ்சத்தில் முதலில் கஞ்சி, பிறகு பாட்டு என்று வேதநாயகர் வகுத்த வரிசை இதற்கும் பொருந்தும். வேண்டிய நேரத்தில் வேண்டிய உதவி முதலில்; பாட்டும் கதையும் அதன் துணையாக.

பட்டம் பெறுவதற்காக மட்டும் நாம் பள்ளிக்கு வரவில்லை. ஒருவர் கண்ணீரை ஒருவர் அறிந்துகொள்ளவும் வருகிறோம். நாளைக் காலையில், பக்கத்து இருக்கையில் பேசாமல் அமர்ந்திருப்பவளிடம், ஏன் பேசவில்லை என்று கேட்க வேண்டாம். உனக்கு ஒரு கதை சொல்லட்டுமா என்று கேட்போம். பிறகு அவள் சொல்வதைப் பொறுமையோடு கேட்போம்.